வண்டி நின்ற பக்கம்

ஆவரங்குளத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த பிரம்மநாயகம், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் யோசித்துத்தான் நகரும் கனமுள்ள ஒரு பெரிய மோட்டார் சைக்கிளைத் திருநெல்வேலியிலிருந்து வாங்கிவந்து நடுத்தெருவில் தன் வீட்டு வாசலில் நிறுத்தினார். நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய் முகம் கழுவுவதற்குள் ஊர் அந்தப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

சாய்ந்தது என்றால் இடிந்தோ புதைந்தோ போகவில்லை. சுவர்கள் நின்ற இடத்தில் நின்றன, கோயில் கோபுரம் நேராகத்தான் இருந்தது, ஆனால் ஊரில் உருளக்கூடியவை எவையோ அவையெல்லாம் அந்த வண்டியை நோக்கி உருண்டன, வழியக்கூடியவை எவையோ அவையெல்லாம் அதை நோக்கி வழிந்தன. முதலில் கண்டுகொண்டவள் தெருமுனையில் காய்கறி விற்கும் பேச்சியம்மாள். அவள் சாக்கின் மேல் குவித்து வைத்திருந்த வெங்காயம், வரிசையில் நின்று கோயிலுக்குப் போகிறவர்களைப் போல ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிப் போனது. பின்னாலேயே திட்டிக்கொண்டு ஓடியவள், பளபளவென்று நின்ற வண்டியின் முன்சக்கரத்தடியில் எல்லாம் ஒன்றாகக் கூடியிருப்பதைப் பார்த்தாள். அவள் அதிசயப்படவில்லை. "சரக்கு இங்கனதான் வரும்னா நானும் இங்கனயே இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லி, மறுநாள் காலை கடையை வண்டிக்குப் பக்கத்தில் விரித்தாள். அதற்குப் பிறகு ஊரில் வேறு யாரும் அதிசயப்படுவதற்கு அவசியம் ஏற்படவில்லை.

பிரம்மநாயகம் அந்த வண்டியை வாங்கியதற்குக் காரணம் வேறொரு வண்டி. கல்யாணமான புதிதில் வாங்கிய டூ ஸ்ட்ரோக் வண்டி அது. சிவப்பு நிறம், புகை அதிகம், சத்தம் அதைவிட அதிகம், கனமென்று எதுவும் கிடையாது. அதில் அவர் மனைவி செண்பகவல்லி ஒரு பக்கமாக உட்கார்ந்து, அவருடைய வலது தோளில் கையை வைத்து, வீட்டு வாசலில் தொடங்கிய பேச்சைச் செம்மணல் தேரிக்காட்டைத் தாண்டிக் கடற்கரை வரும்வரை நிறுத்தாமல் பேசிக்கொண்டே வருவாள். பாதியைக் காற்று கொண்டுபோய்விடும், மீதியில் பாதியை எஞ்சின் கொண்டுபோய்விடும், காதில் விழுந்த கால்வாசிக்கு அவர் ஒவ்வொரு வேகத்தடையிலும் "ம்" என்று சொல்வார். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. இப்படி இருபது வருஷம் போனது. கடை பெரிதாகி, கண் சோதிக்கிற மிஷின் எல்லாம் வந்தபோது, செண்பகவல்லியின் தம்பி ஒருநாள் சொன்னான்:

"ஊருக்கே கண்ணத் தெளிய வைக்கிற ஆளு, இந்தப் பொகை வண்டியில போனா நல்லாவா இருக்கு அத்தான்?"

நன்றாக இல்லை என்று பிரம்மநாயகத்துக்கும் பட்டது. கார் வந்தது, வண்டி போனது. காரில் செண்பகவல்லி முன்சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசிக் காற்றில், வாயைத் திறக்காமல் உட்கார்ந்து வந்தாள். பேச வேண்டியதையெல்லாம் அவள் பேசி முடித்துவிட்டாள் போல என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அவர் மறந்தாலும் அவருடைய வலது மணிக்கட்டு மறக்கவில்லை. ஆக்ஸிலேட்டர் கொடுப்பது போல அது தன்பாட்டுக்கு முறுக்கிக்கொண்டே இருந்தது. வாடிக்கையாளரின் காதில் கண்ணாடியை மாட்டும்போது முறுக்கியது, சோற்றைப் பிசையும்போது முறுக்கியது, சாவு வீட்டில் துக்கம் கேட்கக் கை நீட்டிய இடத்திலும் முறுக்கியது. கடைசியில் அவர் பழைய வண்டியை வாங்கிப் போனவனைத் தேடிப் போனார். வண்டி என்றைக்கோ பழைய இரும்புக்குப் போய்விட்டது, எஞ்சின் மட்டும் பக்கத்து ஊர்ச் சந்தையில் ஒரு கரும்புச்சாறு மிஷினில் ஓடுகிறது என்று அவன் சொன்னான். பிரம்மநாயகம் அங்கே போய், அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே வயிறு கொள்ளும் மட்டும் கரும்புச்சாறு குடித்துவிட்டு, அங்கிருந்து நேராகத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினார்.

"மைலேஜா, பிக்கப்பா, சார் எதைப் பாக்கிறிய?" என்று கேட்டான் கடைப் பையன்.

"கனமா இருக்கணும்."

"கனமாவா சார்?"

"போனது லேசா இருந்துட்டு. அதான் கைய விட்டுப் போயிட்டு."

இருப்பதிலேயே கனமானதை அவன் காட்டினான். எருமைக் கன்று படுத்திருப்பது போன்ற பெட்ரோல் டேங்க், விரித்த கை போல அகன்ற ஹேண்டில்பார், பின்னால் உட்காருகிறவர்களுக்குச் சாய்மானம் வைத்த சீட்டு. அந்தச் சாய்மானத்தைத்தான் அவர் முதலில் தொட்டுப் பார்த்தார்.

வண்டி வந்த மூன்றாம் நாள் அவர் அதை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். வண்டி நின்றாலே சாய்கிற ஊர், அது ஓடினால் என்ன செய்யும் என்று அவரும் யோசிக்கவில்லை, வேடிக்கை பார்த்தவர்களும் யோசிக்கவில்லை. வண்டி போகப் போகப் பள்ளமும் கூடவே போனது. பின்னாலேயே தண்ணீர்க் குடங்கள் உருண்டன, டீக்கடை கேஸ் சிலிண்டர் உருண்டது, இஸ்திரி வண்டி கரி நெருப்போடு கிளம்பியது. அன்றைக்கு முகூர்த்த நாள் வேறு. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளைக்கென்று வாடகைக்கு எடுத்திருந்த, காலில் சக்கரம் வைத்த சிம்மாசனம், மாப்பிள்ளையோடும் மாலையோடும் மேடையை விட்டு இறங்கி வாசலைத் தாண்டிப் பஜாருக்குள் நுழைந்தது. பெண்ணைப் பெற்றவர், பையன் மனம் மாறி ஓடுகிறான் என்று நினைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துரத்தினார். சிம்மாசனம் கண்ணாடிக் கடை வாசலில், வண்டியின் பின்சக்கரத்தை இடித்துக்கொண்டு நின்றது. கடை வாசல் வரை வந்துவிட்டவரைச் சும்மா அனுப்ப மனமில்லாமல் பிரம்மநாயகம் மாப்பிள்ளைக்குக் கண் சோதித்தார். தூரப் பார்வை சுத்தமாக இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு மண்டபத்துக்குத் திரும்பிய மாப்பிள்ளை, பெண்ணை அப்போதுதான் முதன்முறையாகத் தெளிவாகப் பார்த்து, சற்று நேரம் யோசித்து, பிறகு தாலி கட்டினார்.

அன்று மாலையே பேரூராட்சி கூடி, மேற்படி வண்டியை ஊர் எல்லைக்குள் யாரும் ஓட்டக்கூடாது என்று தீர்மானம் போட்டது. வண்டியை நடுத்தெருவுக்கே தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார்கள், சாவியைப் பாதுகாப்புக்காகத் தலைவி ராஜகனி வாங்கி வைத்துக்கொண்டார்.

ஓடாத வண்டியோடு ஊர் நன்றாகவே ஒத்துப்போனது. டீக்கடைக்காரர் கிளாஸில் ஒரு பக்கம் குறைத்து ஊற்றப் பழகினார். கொத்தனார்கள், ரசமட்டம் காட்டும் நேர் ஒன்று, கண்ணுக்குத் தெரியும் நேர் ஒன்று, வீட்டுக்காரருக்கு எது வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார்கள். பெண்கள் இட்லி மாவைச் சரித்து வைத்து ஊற்றினார்கள். கலெக்டர் அலுவலகத்திலிருந்து வந்த ஒரு இன்ஜினியர் மூன்று கால் கருவியை நட்டுப் பார்த்துவிட்டு, சாய்வு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துப் போனார். அவருடைய ஜீப்பை மட்டும் டிரைவர் நடுத்தெருவுக்குப் போய் எடுத்துவர வேண்டியிருந்தது.

விவகாரம் தண்ணீரில்தான் கிளம்பியது. நடுத்தெருக் குழாய்களில் கேட்காமலேயே தண்ணீர் பீய்ச்சி அடிக்க, மேலத்தெரு வறண்டது. கீழத்தெருவோ எப்போதும் வறண்டுதான் கிடந்தது, ஆனால் தண்ணீரை இழுக்க ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்த பிறகு அது புதிதாக வறண்டது போலக் கோபப்பட்டது. குடங்களோடு மறியல் நடந்தது. முடிவில், வண்டியை வாரம் ஒரு தெருவாக நிறுத்துவது என்று ஏற்பாடாயிற்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வண்டியை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். முன்னால் ஒரு மேளம் போகும், பின்னால் உருளுகிறதைப் பிடிக்கப் பெண்கள் போவார்கள். ஒவ்வொரு தெருவிலும் அதற்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, செவ்வந்தி மாலை போட்டார்கள். ஆனித் தேரோட்டத்தின்போது தேர் திரும்ப வேண்டிய முக்கில் வண்டியை நிறுத்தியதில், தேர் தானாகவே அசைந்து வந்துவிட்டது. பரம்பரையாக வடம் பிடிக்கும் உரிமை உள்ளவர்கள், இழுப்பதற்குப் பதிலாகத் தேர் ஓடிவிடாமல் பின்னால் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. உரிமை உரிமைதான், முன்னால் என்ன பின்னால் என்ன என்று அவர்களும் சமாதானமானார்கள்.

பிரம்மநாயகத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதைப் போர்த்திக்கொண்டு அவர் கடைக்கு நடந்து போனார். காரை எடுக்கலாமென்றால், ஹேண்ட் பிரேக் போட மறந்த நாளெல்லாம் அது அவருக்கு முன்னால் கிளம்பி வண்டியிடம் போய் நின்றது. சாயங்காலங்களில் அந்த வாரம் வண்டி எந்தத் தெருவில் நிற்கிறதோ அங்கே போய், மாலையை ஒதுக்கிவிட்டு, ஸ்டாண்டு போட்ட வண்டியில் ஏறி உட்காருவார். இரண்டு கையையும் ஹேண்டில்பாரில் வைத்துக்கொண்டு எதிரே தெரிகிற சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். மணிக்கட்டு முறுக்கும். ஊர்க்காரர்கள், சொந்தக்காரர் வந்து உட்கார்ந்தால் தண்ணீர் இன்னும் நன்றாக வருகிறது என்று சொல்லிக்கொண்டார்கள்.

ஒரு நாள் செண்பகவல்லி அவரைத் தேடிக்கொண்டு கீழத்தெருவுக்கு வந்தாள். கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றாள். பிறகு அவருடைய தோளைப் பிடித்து ஏறி, பழைய வழக்கப்படி ஒரு பக்கமாக உட்கார்ந்தாள். சாய்மானம் அவளுடைய இடது தோளுக்குத்தான் உதவியது.

"காரு நமக்கு வேண்டாங்க" என்றாள்.

"ஏன்?"

"ஏறினதுமே எனக்குக் கொமட்டும். வாயத் தொறந்தா வந்துரும். கிராம்ப வாயில அடக்கிக்கிட்டுதான் இத்தன வருசமும் வந்தேன்."

பிரம்மநாயகம் திரும்பி அவளைப் பார்க்க முயன்றார். கழுத்து பாதிவரைதான் திரும்பியது.

"சொல்ல வேண்டியதுதான?"

"வாயத் தொறந்தாத்தான சொல்ல?"

அவள் கோபமாக இருக்கிறாள் என்று ஒரு வருஷமும், அலுத்துவிட்டாள் என்று இரண்டு வருஷமும், வயதானால் இப்படித்தான் என்று மீதி வருஷங்களும் அவர் நினைத்திருந்தார். அவளோ, கார் வாங்கின மனுஷருக்குச் சத்தமில்லாமல் போவதுதான் பிடிக்கிறது என்று நினைத்திருந்தாள். பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். தம்பி பெண்டாட்டி சீமந்தத்தில் நடந்தது, மகள் வெளிநாட்டிலிருந்து போனில் அழுதது, அதை அவரிடம் சொல்ல வேண்டாமென்று சொன்னது, கர்ப்பப்பையை எடுக்க ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பயந்தது. வண்டி நகரவில்லை, காற்று இல்லை, எஞ்சின் ஓடவில்லை. ஆகவே இந்த முறை ஒரு சொல் விடாமல் எல்லாம் அவர் காதில் விழுந்தது. "ம்" சொல்ல வேகத்தடை இல்லாததால் எங்கே சொல்வதென்று தெரியாமல் அவர் திணறினார். குடத்தோடு நின்ற கீழத்தெருப் பெண்கள் அந்த வேலையை எடுத்துக்கொண்டு, தகுந்த இடங்களில் "அச்சச்சோ" என்றார்கள். அதைக் கேட்டதும் அவள் பேச்சு நின்றது.

"இங்க முடியாது" என்று இறங்கினாள் செண்பகவல்லி. "கடக்கரைக்குப் போவோம்."

மறுநாள் அவளே பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய்ச் சாவி கேட்டாள்.

"மயினி, வண்டி கெளம்பிட்டா கீழத்தெருவுக்குத் தண்ணி யாரு குடுக்கது?" என்றார் ராஜகனி.

"வண்டி வாரதுக்கு முன்ன யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கல. அதனால யாரும் கேக்கவும் இல்ல. இனிமே கேப்பாங்கல்லா?"

"ஒரு காலம்பறதான். போயிட்டு வந்துருவோம். வீட்டுக்காரரு கை முறுக்குதத நீங்களும் பாத்தியள்லா? அது எதையாவது முறுக்கிட்டு வரட்டும்."

ராஜகனி கெட்டவர் இல்லை. தன் புருஷனுடன் தான் கடைசியாக எங்கே போனோம் என்று யோசித்துப் பார்த்தார். வாக்குச் சாவடிக்கு என்று ஞாபகம் வந்தது. சாவியைக் கொடுத்தார். ஆனால் ஊருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றார்.

ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார்கள். பிரம்மநாயகம் அண்ணாச்சியும் மயினியும் நாளைக் காலை கடற்கரைக்குப் போய்வர இருப்பதால், பொதுமக்கள் குடங்களைக் கவிழ்த்து வைக்கும்படியும், சிலிண்டர்களைச் சங்கிலியால் கட்டும்படியும், கைக்குழந்தைகளை இடுப்பை விட்டு இறக்க வேண்டாமென்றும், அண்ணாச்சி தெருவைக் கடக்கும்போது வணக்கம் சொல்ல விரும்புகிறவர்கள் ஒரு கையால் மட்டும் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார்கள்.

காலையில் ஊர் தன்னைத் தானே கட்டிப்போட்டுக்கொண்டு காத்திருந்தது. தள்ளுவண்டிகள் மின்கம்பங்களில் கட்டப்பட்டிருந்தன, ஆடுகள் ஆட்டுரல்களில் கட்டப்பட்டிருந்தன, ஜன்னல்தோறும் கம்பியைப் பிடித்த கைகள் தெரிந்தன. வண்டி உறுமியபோது மூன்று தெருவும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. கிளட்சை விடுவதற்கு முன்பே செண்பகவல்லி பேச ஆரம்பித்துவிட்டாள். கயிறுகள் முறுக்கேறிக் கிறீச்சிட்டன, குடங்கள் நடுங்கின, எதுவும் போகவில்லை. அவர்கள் இருவர் மட்டும் போனார்கள். ஊர் எல்லை வளைவை வண்டி தாண்டியதும், கனத்த ஆள் இறங்கிய தோணி நிமிர்வது போல ஆவரங்குளம் நிமிர்ந்தது. சாய்ந்து நின்றே பழகியவர்கள் எல்லோரும் எதிர்ப்பக்கம் விழுந்தார்கள். இரண்டு பேருக்கு மாவுக்கட்டுப் போட வேண்டியிருந்தது.

மத்தியானத்துக்கு வர வேண்டியவர்கள் சாயங்காலமும் வரவில்லை. அந்த வாரம் வரவில்லை. மழைக்காலம் வந்தது, அவர்கள் வரவில்லை. கண்ணாடிக் கடையை மைத்துனன் திறந்து வைத்துக்கொண்டான். கயிறுகளை அவிழ்க்கலாமா என்று சிலர் பேரூராட்சியில் போய்க் கேட்டார்கள். மறு அறிவிப்பு வரும்வரை இருக்கட்டும் என்று பதில் வந்தது.

கடைசியில் உப்பு லாரி ஓட்டும் தவசிமுத்துதான் தகவல் கொண்டுவந்தான். கிருஷ்ணகிரி தாண்டி ஒரு டீக்கடையில் அவர்களைப் பார்த்திருக்கிறான். பிரம்மநாயகம் கறுத்து, மெலிந்து, தாடி விட்டிருந்தார். மணிக்கட்டு முறுக்கவில்லை, டீ கிளாஸைச் சாதாரணமாகப் பிடித்திருந்தது.

"என்ன அண்ணாச்சி, ஊருல எல்லாரும் தேடுதாவ. திரும்பாம இருக்கிய?"

பதிலைச் செண்பகவல்லிதான் சொன்னாள். கடற்கரையில் வண்டியை நிறுத்திவிட்டுச் சுண்டல் வாங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அலை எப்போதும் நிற்கிற இடத்தில் நிற்காமல் டயர் வரை வந்து நனைத்துவிட்டுப் போயிருக்கிறது. அடுத்தது எஞ்சின் வரை வந்திருக்கிறது. ஒரு மீனவர் வந்து, மிகவும் மரியாதையாக, 'அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய. நீங்க இன்னும் செத்த நேரம் இருந்தியன்னா கடலு எங்க வீட்டுக்குள்ள வந்துரும்' என்று சொல்லியிருக்கிறார். உடனே எழுந்துவிட்டார்கள்.

"அப்ப நேரா ஊருக்கு வந்திருக்கலாம்லா மயினி?"

"நான் சொல்லி முடிக்கலயே" என்றாள் செண்பகவல்லி. "ரோடு பிரியுத எடத்துல இவ்வோ வண்டிய வீட்டுப் பக்கம் திருப்புனாவ. அந்தப் பக்கம் எந்த ஊருன்னு கேட்டேன். தூத்துக்குடின்னாவ. அதுக்கு அங்கிட்டுன்னு கேட்டேன். எட்டயபுரம்னாவ. அதுக்கு அங்கிட்டு? மதுரைன்னாவ. சரி, அங்கிட்டு போங்கன்னேன்."

எங்கேயும் ஒரு டீ குடிக்கிற நேரத்துக்கு மேல் நிற்க முடியாது, நின்றால் அந்த ஊர் சாய்ந்துவிடும், பிறகு விடமாட்டார்கள். அதனால் போய்க்கொண்டே இருக்கிறார்கள். தூங்கக்கூட ஆளில்லாத பொட்டல்களாகப் பார்த்துத்தான் நிறுத்துகிறார்களாம். பிரம்மநாயகம் தவசிமுத்துவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கீழத்தெருவுல தண்ணி வருதாடே?"

"லாரித் தண்ணி வருது அண்ணாச்சி. வாரம் ஒருக்க."

அவர் தலை குனிந்துகொண்டார். அதற்குள் டீக்கடை பெஞ்சு அவர்கள் பக்கமாக ஒரு சாண் நகர்ந்துவிட்டது. இருவரும் அவசரமாக எழுந்து கிளம்பினார்கள். வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் மயினி பேசுகிற சத்தம் கேட்டது என்று தவசிமுத்து சொன்னான். அண்ணாச்சி 'ம்' என்று சொன்னதும் கேட்டது, ஆனால் அங்கே வேகத்தடை எதுவும் இல்லை என்றும் சொன்னான்.

இனி அவர்கள் வரமாட்டார்கள் என்று ஊருக்குப் புரிந்தது. பேரூராட்சி மறுபடி கூடியது. ஊர்ப் பொதுவில் வசூல் செய்து, அதே கடையில், அதே நிறத்தில், அதே கனத்தில் ஒரு வண்டியை வாங்குவதென்று தீர்மானம் ஆயிற்று. அவ்வளவு கனமானதை ஓட்டத் தெரிந்தவர் யாரும் இல்லாததால் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து கீழத்தெரு முக்கில் இறக்கினார்கள். மேளம் வந்தது, மாலை வந்தது. குழாயடியில் குடங்கள் வரிசையாக வைக்கப்பட்டன. ராஜகனி குழாயைத் திறந்தார். உள்ளே காற்று இருமியது. புது வண்டிதானே, ஊர் பிடிபடக் கொஞ்சம் நேரமாகும் என்று ஒருவர் சொன்னார். திருஷ்டி கழிக்க வைத்திருந்த பூசணிக்காயைத் தெருவின் மறுமுனையில் நடுரோட்டில் வைத்து, எல்லோரும் விலகி நின்று பார்த்தார்கள்.

பூசணிக்காய் இருந்த இடத்தில் இருந்தது.

வெயில் ஏறியது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. முன்பு மாவுக்கட்டுப் போட்டிருந்தவர்களும் நின்றுகொண்டே இருந்தார்கள். அப்போது பேரூராட்சி எலக்ட்ரீசியன் ஐகோர்ட்ராஜா, மின்கம்பத்தின் உச்சியில் ஏதோ பழுதைப் பார்க்கிறவன் போல வானத்தைப் பார்த்தபடியே, குதிகாலை மெல்லப் பின்னுக்குக் கொண்டுபோய்ப் பூசணிக்காயைத் தட்டிவிட்டான். அது வண்டியின் பக்கமாக இரண்டு மூன்று சுற்று உருண்டு, ஒரு கல்லில் இடித்து நின்றது.

அவனுடைய கால் செய்ததை எல்லோரும் பார்த்தார்கள். முதலில் ராஜகனி கைதட்டினார். பிறகு மேலத்தெரு தட்டியது, நடுத்தெரு தட்டியது, காலிக் குடங்களைக் கீழே வைத்துவிட்டுக் கீழத்தெருவும் தட்டியது. தட்டி முடித்ததும், அந்த வண்டி நின்ற பக்கமாக உடம்பைச் சற்றே சாய்த்துக்கொண்டு, சறுக்கலில் கால் வைக்கிறவர்களின் எச்சரிக்கையோடு, எல்லோரும் சமதரையில் வீட்டுக்கு நடந்தார்கள்.